மலரக்கா வந்தா

கோபன்ஹேகனிலிருந்து ஓகூஸ் போகும் ரயிலில் பேசக்கூடாத பெட்டி என்று ஒன்று உண்டு. கண்ணாடியில் உதட்டின்மேல் விரல் வைத்த படம் ஒட்டியிருக்கும். அந்தப் பெட்டியில் டேனிஷ்காரர்கள் தும்முவதற்கே யோசிப்பார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததென்று ஸ்ரீகாந்த் அதில்தான் இரண்டு இடம் பிடித்திருந்தான். பேச்சையே பிழைப்பாகக் கொண்ட இரண்டு பேரை அங்கே உட்காரவைத்தது இந்த வழக்கில் அவன் செய்த இரண்டாவது தவறு. முதல் தவறு இன்னும் வெளியே தெரியவில்லை.

பக்கத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நிரோஜினி. யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தே பல வருடம் கழித்தவள். இப்போது ஹ்விடோவ்ரேயில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாகத் துப்பறிகிறாள். ஸ்ரீகாந்த் திருச்சிக்காரன். மென்பொருள் வேலை போனதும் மனைவியின் விசாவில் தொற்றிக்கொண்டு டென்மார்க்கில் தங்கிவிட்டவன். கம்ப்யூட்டர் வேலை, தட்டச்சு, காப்பி, கிண்டல் எல்லாம் அவன் பொறுப்பு.

வழக்கு இதுதான். இலங்கையின் மன்னார்க் கரையில் சிப்பிமுனை என்று ஒரு மீனவக் கிராமம். கிணறு எல்லாம் உப்பு. கடல்நீரைக் குடிநீராக்கும் சிறிய நிலையம் ஒன்று அங்கே கட்டப்பட்டது. சூரிய ஒளியில் ஓடும் நிலையம். பணத்துக்கு ஏற்பாடு செய்தது கோபன்ஹேகனிலுள்ள ஹவ்ப்ரோ நிதியம்.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் அது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது. டென்மார்க் பணக்கார நாடுதான், ஆனால் சின்ன நாடு. உலகத்தில் தாகமாயிருக்கும் ஊருக்கெல்லாம் தன் கையிலிருந்தே கொடுத்து மாளாது. ஆகவே ஹவ்ப்ரோ, அரசு கொடுத்த கொஞ்சப் பணத்தை முன்வரிசையில் நிறுத்தும். நட்டம் வந்தால் முதல் அடி அந்தப் பணத்துக்கு. அந்தத் தைரியத்தில் பின்வரிசைக்குப் பெரும்பணம் வந்து சேரும். அது ஆசிரியர்களும் தாதியரும் பஸ் ஓட்டுபவர்களும் முதுமைக்கென்று கட்டிவைத்த ஓய்வூதியப் பணம். ஒரு கை தண்ணீர் ஊற்றிப் பம்பை ஓடவைத்துக் கிணற்றையே மேலே இழுப்பது போன்ற வேலை.

ஆனால் ஓய்வூதியப் பணத்துக்குப் பயம் அதிகம். ஒரு தாதியின் கடைசிக் காலத்துச் சோறு அது. பயப்படத்தான் வேண்டும். அதனால் அது ஒரு நிபந்தனை போட்டது. வாக்குறுதிக்குப் பணம் இல்லை, கட்டடத்துக்கும் இல்லை. குழாயில் குடிதண்ணீர் வந்தால்தான் பணம். யாருக்கும் வேண்டியவராக இல்லாத ஒருவர் நேரில் போய், குழாயைத் திறந்து, குடித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். குறித்த நாளுக்குள் அப்படி யாரும் சொல்லாவிட்டால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும். அந்த நாள் வருகிற வெள்ளிக்கிழமை.

போய்ப் பார்க்க வேண்டியவர் தவமலர். ஓகூஸில் வேலை செய்யும் நீர்ப் பொறியியலாளர். கொழும்பில் இறங்கியதும் காய்ச்சலில் படுத்துவிட்டதாகவும் மன்னாருக்குப் போகாமலே திரும்பியதாகவும் அவர் சொல்லியிருந்தார். நிதியத்தில் எல்லோரும் நம்பினார்கள், ரோஹிணியைத் தவிர. இந்தத் திட்டத்தைத் தேடிக் கொண்டுவந்தவளே அவள்தான், கோயம்புத்தூர்ப் பெண். யாரோ தவமலரைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். அதைக் கண்டுபிடிக்கத் தன் சொந்தச் செலவில் நிரோஜினியைப் பிடித்தாள்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு குரல் செய்தி. சிப்பிமுனை மீனவர் சங்கத் தலைவர் நீக்கிலாஸ், தவமலர் வந்திருக்க வேண்டிய நாளுக்கு மறுநாள் அனுப்பியது. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. செய்தியைக் கேட்டு நல்ல தமிழில் தட்டித் தந்தவன் ஸ்ரீகாந்த். நிரோஜினி அவன் தட்டியதைத்தான் படித்திருந்தாள். அலுவலகத்தில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

'மலரக்கா வந்தால், பைப்பைத் திறந்தால், குடித்துப் பார்த்தால், இன்னொரு முறையும் குடித்தால், பிரச்சினை ஒன்றும் வராது.'

ஆக, ஊர் தயார், தண்ணீரும் தயார், பார்க்க வேண்டியவர்தான் வரவில்லை. ரோஹிணியும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள். நிரோஜினிக்கு அதில் ஒரே ஒரு இடம் இடறியது. இன்னொரு முறை ஏன் குடிக்க வேண்டும்? விருந்துபசாரம் அப்படி என்று ஸ்ரீகாந்த் சமாதானம் சொல்லியிருந்தான். தன் மாமியார் வீட்டில் மூன்றாவது முறைதான் கணக்கில் சேரும் என்றும் சொன்னான்.

வழியில் ஒடென்ஸே நிலையத்தில் கையில் கறிவேப்பிலைப் பையோடு ஒரு தமிழ் அம்மா ஏறி, அவர்களுக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்தார். விரல் வைத்த படத்தை அவர் கவனிக்கவில்லை. போனை எடுத்து யாருக்கோ நிதானமாகத் தன் வீட்டு நடப்பைச் சொல்லத் தொடங்கினார். எதிரே இருந்த டேனிஷ்காரர் புத்தகத்தை மூடினார், படத்தைப் பார்த்தார், திரும்பப் புத்தகத்தைத் திறந்தார். அந்த நாட்டில் அது பெரிய சண்டை.

"மாமி வந்தா, சாப்பிட்டா, வெளிக்கிட்டா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்தார்.

ஸ்ரீகாந்த் காத்திருந்தான். பிறகு நிரோஜினியின் காதருகே குனிந்தான்.

"மேடம், பாதியில வெச்சுட்டாங்க."

"என்னத்தை?"

"மாமி வந்தா, சாப்பிட்டா, வெளிக்கிட்டா... என்ன ஆகும்? மழை வருமா? அதைச் சொல்லவே இல்லையே."

நிரோஜினிக்குச் சிரிப்பு வந்தது. "ஒண்டும் ஆகாது. மாமி வந்தா. சாப்பிட்டா. வெளிக்கிட்டா. கதை முடிஞ்சுது. நீங்கள் வந்தாங்க எண்டு சொல்லுறதை நாங்கள்..."

அவள் நிறுத்திக்கொண்டாள். சிரிப்பு முகத்தில் பாதியோடு நின்றது.

"அந்த மெசேஜை எடும்" என்றாள். "உம்மட காகிதம் வேண்டாம். குரலைப் போடும்."

ஆளுக்கொரு காதில் இயர்போன் வைத்துக் கேட்டார்கள். காற்றடிக்கும் சத்தம். அதற்குள்ளே ஒரு தடித்த, களைத்த, சந்தோஷமான குரல்: "மலரக்கா வந்தா. பைப்பைத் திறந்தா. குடிச்சுப் பாத்தா. இன்னொருக்காலும் குடிச்சா. பிரச்சினை ஒண்டும் வராது." ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு.

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்வது சுலபம். திருச்சியில் வயதில் மூத்த ஒரு பெண் வந்தால் 'வந்தாங்க' என்பார்கள். அங்கே 'வந்தா' என்று காதில் விழுந்தால் அது ஒன்று மரியாதைக் குறைவு, இல்லாவிட்டால் 'வந்தால்'. நீக்கிலாஸின் குரலில் மரியாதைக் குறைவு துளியும் இல்லை. ஆகவே ஒழுங்காக வளர்க்கப்பட்ட பிள்ளையான ஸ்ரீகாந்த் நான்கு இடத்திலும் ஒரு 'ல்' சேர்த்துவிட்டான். கோயம்புத்தூர் ரோஹிணியின் காதும் அதே வேலையைத்தான் செய்திருந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அம்மா வந்தா, டீச்சர் வந்தா, கன்னியாஸ்திரி வந்தா. அது மரியாதையான பேச்சு. நடந்து முடிந்த பேச்சும்கூட.

நிபந்தனையாகவும் அதைக் கேட்கலாமே என்று ஸ்ரீகாந்த் தன் மானத்துக்காகக் கொஞ்சம் வாதாடினான். நிரோஜினி இல்லையென்று தலையசைத்தாள்.

"குடிச்சுப் பாத்தால் எண்டு நிபந்தனை போடலாம். இன்னொருக்கால் குடிச்சால் எண்டு ஆரும் நிபந்தனை போடுவினமோ? அது கண்ணால கண்டவர் சொல்லுற கதை. அவ போயிருக்கிறா."

அப்படியென்றால் எல்லாமே தலைகீழ். பார்வையிட்டாகிவிட்டது, வெள்ளிக்கிழமைக்கு முன்பே. குழாய் திறந்தது, தண்ணீர் வந்தது, குடித்தும் பார்த்தாயிற்று. இனி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தவமலர் ஏதோ காரணத்துக்காக அதை மறைக்கிறார். ஸ்ரீகாந்த் எழுந்து பெட்டிகளுக்கு நடுவேயுள்ள இடத்துக்கு ஓடி ரோஹிணிக்குப் போன் போட்டான். இயக்குநரோடு அவளுக்கு இன்னும் சிறிது நேரத்தில் கூட்டம். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

நிரோஜினி அவனைத் தடுக்கவில்லை. பின்னால் அவள் திரும்பத் திரும்ப யோசித்தது இந்த இடத்தைத்தான். தவமலரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அதன் பிறகு போன் பண்ணியிருக்கலாம்.

ஓகூஸில் மழை தூறிக்கொண்டிருந்தது. துறைமுகப் பக்கம் போகும் டிராமில் ஸ்ரீகாந்த் சந்தேக நபர்களை வரிசைப்படுத்தினான். போட்டி நிறுவனம், பவுசர் என்ற தண்ணீர் லாரி ஓட்டும் முதலாளி, ஏதாவது அமைச்சரின் மச்சான். மச்சானுக்கு அவன் அதிக வாய்ப்பு கொடுத்திருந்தான்.

தவமலர் அவர்களை ஆய்வுகூடத்தின் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனார். ஐம்பது வயதுக்கு மேல், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார், கழுத்தில் சின்னச் சிலுவை. காய்ச்சல் கதையை மறுபடி ஒருமுறை பொறுமையாகச் சொன்னார். கொழும்பு ஹோட்டல், டாக்டர், மாத்திரை. நிரோஜினி எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுக் கேட்டாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ரெண்டாந்தரம் ஏன் குடிச்சனீங்கள், அக்கா?"

தவமலர் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். யார் சொன்னது என்று கேட்டார். ஸ்ரீகாந்த் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினான். கேட்டு முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பிரச்சினை வராது எண்டு நினைச்சுப்போட்டார், பாவம்" என்றார்.

தவமலர் சிப்பிமுனைக்குப் போயிருந்தார். நீக்கிலாஸ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். குழாயைத் திறந்ததும் தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"முதல் வாயிலயே எனக்கு விளங்கிட்டுது. மனம் கேக்கேல்லை. அதுதான் ரெண்டாந்தரம் குடிச்சனான்." அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "கடல்தண்ணியை அந்த மெஷின் வடிச்சுத் தந்தால் அதில ஒரு ருசியும் இராது. வாயில வெறுமையா இருக்கும். இது குளோரின் மணந்த தண்ணி. டவுண் தண்ணி. பவுசரில கொண்டந்து தாங்கிக்குள்ள ஊத்தி வைச்சிருக்கினம்."

 

தவமலர் சாப்பாட்டு மேசையிலேயே விளக்கினார். ஒரு காகிதக் கைக்குட்டையை விரித்துப் பிடித்தார். நிலையத்தின் உயிர் இப்படி ஒரு மெல்லிய சவ்வு. கடல்நீரைப் பெரும் அழுத்தத்தில் அதன்மேல் தள்ளினால் தண்ணீர் மட்டும் கடந்துபோகும், உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். விலையும் அதற்குத்தான் அதிகம். அது எப்போது வரும்? முதல் தவணைப் பணத்தில் வாங்கலாம் என்று ஒப்பந்தம். முதல் தவணை எப்போது வரும்? தண்ணீர் வந்ததும். தண்ணீர் எப்போது வரும்? சவ்வு வந்ததும். ஓய்வூதியக்காரர்கள் தங்கள் பகுதியைக் கவனமாக எழுதினார்கள், சவ்வு விற்பவர் தன் பகுதியைக் கவனமாக எழுதினார், நிதியமும் அப்படியே. தனித்தனியாகப் படித்தால் ஒன்றிலும் பிழை இல்லை. சவ்வு இருக்க வேண்டிய உருளைக்குள் கையை விட்டுப் பார்த்ததாகவும் உள்ளே ஒரு சிலந்தி இருந்ததாகவும் தவமலர் சொன்னார்.

"சம்பளம் வந்தப்புறம் வேலை தேடுன்னு சொல்ற மாதிரி" என்றான் ஸ்ரீகாந்த். பழக்கத்தில் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, அவனும்தான்.

கோபன்ஹேகனில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று நிரோஜினி கேட்டாள். கட்டும்போதே நீக்கிலாஸ் சொல்லியிருக்கிறார், தவமலரும் எழுதியிருக்கிறார். கவனித்துப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. நல்ல மனிதர்கள், அன்பாக எழுதினார்கள். ஆனால் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் கையெழுத்துப் போட்ட எல்லோரும் திரும்ப உட்கார வேண்டும். ஒரு சின்ன ஊருக்காக அத்தனை பேரும் உட்கார மாட்டார்கள்.

"போனனான் எண்டு சொன்னால் நான் எழுதவேணும்" என்றார் தவமலர். "உண்மையை எழுதினால் அதுக்குப் பேர் மோசடி. அப்படி ஒருக்கால் எழுதுப்பட்டால் அந்த ஊருக்கு இனி ஒரு நாடும் ஒண்டும் குடுக்காது. சோலார் தட்டுகளையும் கழட்டிக்கொண்டு போவினம். அதிலதான் இப்ப அவையின்ர மீன் ஐஸ்பெட்டி ஓடுது. நல்ல தண்ணி எண்டு பொய் எழுதினால், நாளைக்கு அந்தப் பிள்ளையளுக்கு ஒண்டெண்டால் நான்தான் பொறுப்பு. போகேல்லை எண்டு சொல்லுறது ஒண்டுதான் ஆருக்கும் நோகாத பொய். ஒப்பந்தம் முடியும், தண்ணி வராது, ஆனால் ஊருக்குப் பேர் கெடாது. நீக்கிலாஸ் அண்ணையிட்டயும் சொன்னனான், கோபன்ஹேகனில இருந்து ஆர் எடுத்தாலும் கதைக்காதேங்கோ எண்டு. அவர் அதுக்கு முதலே மெசேஜ் போட்டிட்டார்."

நிரோஜினி ஸ்ரீகாந்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தான். 

ரோஹிணி முதல் மணியிலேயே எடுத்தாள். அவர்கள் சொல்வதற்கு முன் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். கூட்டம் முடிந்தது. இயக்குநர் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். பக்கத்து பேக்கரியில் கேக் சொல்லியிருக்கிறார். குரல் செய்தியை அவளே டேனிஷில் மொழிபெயர்த்துக் கோப்பில் சேர்த்துவிட்டாள். பார்வையிட்ட அறிக்கையைக் கையெழுத்தோடு தரும்படி தவமலரின் அலுவலகத்துக்கு அதிகாரபூர்வமாக எழுதியும் ஆகிவிட்டது.

ஸ்ரீகாந்த் நடந்ததைச் சொன்னான். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மறுமுனையில் அலுவலகச் சிரிப்பொலிகள் கேட்டுக்கொண்டிருந்தன. 

"நான் தப்பாக் கேட்டேன்னு சொல்லிடறேன்" என்றான் அவன். "அது 'வந்தால்'தான்னு சொல்லிடுங்க. ரெண்டு மாதிரியும் அர்த்தம் வரும்ல."

தமிழில் வரும். ஆனால் டேனிஷில் 'வந்தார்' வேறு, 'வந்தால்' வேறு. ரோஹிணி எழுதியது ஒன்றைத்தான், சந்தேகத்துக்கு இடமில்லாமல். சந்தேகம் எழுந்தாலும் அவர்கள் கோபப்பட மாட்டார்கள், சரிபார்ப்பார்கள். தவமலர் மன்னார் வரை போன வாடகைக் காரின் பதிவு யார் தேடினாலும் கிடைக்கும். இதையெல்லாம் ரோஹிணி ஒவ்வொன்றாக, ஒரு கணக்கு வாத்தியார்போலத் தட்டையான குரலில் சொன்னாள். கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். சந்தோஷத்தில், பணம் வரப்போகிறதென்று நீக்கிலாஸுக்கும் மெசேஜ் அனுப்பிவிட்டாள்.

தவமலர் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசையில் திறந்துவைத்தார். வாயால் காய்ச்சல் என்று சொல்வது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு என்றார். எழுதத் தொடங்கவில்லை. திரை வெளிச்சம் முகத்தில் விழ, அப்படியே இருந்தார். தங்களால் ஏதாவது செய்ய முடியுமா என்று நிரோஜினி கேட்டாள். அதைக் கேட்டதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. தவமலர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

மேசையில் கிடந்த அவருடைய போன் அதிர்ந்தது. திரையில் நீக்கிலாஸின் பெயர். தவமலர் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் அதிர்ந்து ஓய்ந்தது. மறுபடி அதிரத் தொடங்கியதும் அவர் அதை ஒரு விரலால் மெதுவாக நிரோஜினியின் பக்கம் தள்ளிவிட்டார்.

அவள் எடுத்துக் காதில் வைத்தாள். மலரக்கா என்று நினைத்து நீக்கிலாஸ் மூச்சுவிடாமல் பேசினார். சேதி கிடைத்தது, கோயிலில் மணி அடித்துச் சொல்லிவிட்டோம், பொழுதுபட முதல் கொஞ்சமாவது வெட்டலாமென்று பெடியன்கள் வீட்டுக்கு வீடு குழாய் போட வாய்க்கால் வெட்டத் தொடங்கிவிட்டார்கள், சவ்வு எப்போது வரும் என்றார்.

"அண்ணை, மலரக்கா பக்கத்திலதான் இருக்கிறா. நான் நிரோஜினி, உங்களுக்கு என்னைத் தெரியாது. இவ போகேல்லை எண்டு சொன்னது உங்களுக்காகத்தான். நான்தான் அதைக் கண்டுபிடிச்சுக் கெடுத்தனான்." அவள் திறந்திருந்த மடிக்கணினியைப் பார்த்தாள். "பவுசர் தண்ணி எண்டு இனி எழுதத்தான் வேணும், அண்ணை. சவ்வு வராது. வெட்டுறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

மறுமுனையில் மண்வெட்டிகள் மணலில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒன்று நின்றது. கொஞ்சம் பொறுத்து மற்றவையும் நின்றன.